போர் தண்ணீரின் உப்பு: எதைக் கெடுக்கிறது, எதற்குச் செலவு செய்யலாம்

கேள்வி இதுதான்: திண்டுக்கல்லில் வாடகை வீடு. குழாயில் வருவது போர் தண்ணீர், டி.டி.எஸ். மீட்டர் 1,400 காட்டுகிறது. கீசர் காயில் இரண்டாவது முறை எரிந்துவிட்டது, வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது, முடி கொட்டுகிறது. வீடு முழுவதுக்கும் சாஃப்ட்னர் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) போடச் சொல்லி ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கடினநீர், அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்த தண்ணீர், வீட்டில் எல்லா இடத்தையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. தண்ணீர் சூடாகும் இடம், சோப்பு சேரும் இடம், தண்ணீர் காய்ந்து போகும் இடம் ஆகிய மூன்றில்தான் அதன் வேலை. கழிப்பறைத் தொட்டிக்கும் தரை துடைக்கும் வாளிக்கும் மென்னீர் கொடுப்பது சாஃப்ட்னருக்குப் போடும் உப்பு மூட்டைக்குக் கேடு. எந்த இடத்துக்கு எவ்வளவு மென்னீர் தேவை என்று கணக்குப் போட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரு நாளைக்கு 150 முதல் 200 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

முதலில் அந்த மீட்டரை ஓரமாக வையுங்கள். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து மொத்தக் கரைபொருளாக மாற்றிச் சொல்கிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. 1,400 காட்டும் தண்ணீரில் கடினத்தன்மை 300 ஆகவும் இருக்கலாம், 800 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி முழு வேதியியல் சோதனை செய்துகொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து பிடித்தால் தொட்டியில் ஏற்கெனவே படிந்தது போக மிச்சம்தான் அறிக்கையில் வரும்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய வரிகள் நான்கைந்துதான். மொத்தக் கடினத்தன்மை: இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கிறது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. அடுத்து காரத்தன்மை. கடினத்தன்மை 700, காரத்தன்மை 350 என்று இருந்தால், அதில் 350 தற்காலிகக் கடினம், அதாவது காய்ச்சினால் வெள்ளையாகப் படியக்கூடியது. மிச்சம் 350 நிரந்தரக் கடினம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. காரத்தன்மை கடினத்தன்மையைவிட அதிகமாக இருந்தால் முழுவதும் தற்காலிகம்தான். பிறகு குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு. இவை ஒவ்வொன்றும் பின்னால் வரும் முடிவுகளில் வேலை செய்யும்.

திண்டுக்கல்லில் இரண்டு வகைக் கடினமும் கலந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கீழே இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில் மட்டுமே நிற்கிறது. மேல்மண்ணில் ஆங்காங்கே சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) படலம். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு இவற்றைக் கரைத்து இறங்கும்போது கால்சியம் பைகார்பனேட் சேர்கிறது. இது தற்காலிகக் கடினம். நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இன்னொரு பக்கம். தோலைப் பதப்படுத்தும் சாதா உப்பு நேரடியாகக் கடினத்தைத் தராது. ஆனால் அதிலுள்ள சோடியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. விரட்டப்பட்டவை குளோரைடோடு சேர்ந்து நிலத்தடி நீரில் கலக்கின்றன. அதனால் ஒரே நகரில் ஒரு பேட்டையின் போருக்கும் அடுத்த பேட்டையின் போருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வரலாம். பக்கத்துத் தெருக்காரர் அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி கீசர். தண்ணீர் சூடானால் பைகார்பனேட் பிரிந்து, கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பாகிய கால்சியம் கார்பனேட் படிகிறது. மிகச் சூடான பரப்பு காயில் என்பதால் முதல் படிவு அங்கேதான். நாளைக்கு 80 லிட்டர் வெந்நீர், தற்காலிகக் கடினம் 350 என்றால், ஆண்டில் கீசர் வழியாகக் கடந்து போகும் சுண்ணாம்பு சுமார் 10 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலே ஒரு கிலோ. இதனால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வது மின் கீசருக்குப் பொருந்தாது. காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் அதன் சூடு போக வேறு வழியில்லை, தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போகும். நடக்கிற கெடுதல் வேறு. படிந்த சுண்ணாம்பு கெட்டியாகி ஓடு கட்டிய காயிலின் உறை அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கிறது. தெர்மோஸ்டாட் குழலின் மேலும் ஓடு கட்டுவதால் அது சூட்டைத் தாமதமாக உணர்ந்து, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. பாதுகாப்பு வால்வு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது, மாதம் ஒருமுறை அதன் கைப்பிடியைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டை 70-இல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 50 முதல் 55 டிகிரிக்குள் வைப்பது, செலவே இல்லாமல் கிடைக்கும் பாதி வைத்தியம். 60-ஐத் தாண்டினால் படிவு வேகம் பிடிக்கும். காயில் எரிந்தது இரண்டாவது முறை என்பதால், மாற்றும்போது உள்ளே இருக்கும் மக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போவதற்காகவே வைக்கப்பட்டது அது. உப்பு மிகுந்த தண்ணீரில் மின்கடத்தல் அதிகம் என்பதால் வேகமாகக் கரையும். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ உள்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். காயிலை மட்டும் மாற்றிவிட்டு ராடைப் பார்க்காமல் போகும் மெக்கானிக்குகள்தான் அதிகம். அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில். அறிக்கையில் குளோரைடு 250-க்கு மேல் இருந்தால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியைவிடக் கண்ணாடிப் பூச்சுத் தொட்டி நல்லது. சூடான குளோரைடு தண்ணீர் ஸ்டீலில் ஊசித்துளை போடும்.

ஓடு நீக்குவது ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் தண்ணீருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாரண்டி இருந்தால் நிறுவன ஆளையே கூப்பிடுங்கள். இல்லையென்றால் வேலை நடக்க வேண்டிய வரிசை: சுவிட்சை மட்டுமல்ல, எம்.சி.பி.யையே இறக்குவது, வெந்நீர்க் குழாயைத் திறந்து சூடு ஆறவிடுவது, உள்வரும் வால்வை மூடித் தண்ணீரை வடிப்பது, அடி மூடியைக் கழற்றி, ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு பிரிப்பது, வட்டத் தட்டின் நட்டுகளைக் கழற்றிக் காயிலோடு இறக்குவது. தொட்டிக்குள் சேர்ந்த சுண்ணாம்புத் தூளைக் கையாலோ மரக்குச்சியாலோ எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பட்டால் கண்ணாடிப் பூச்சு தெறித்துவிடும். காயிலை, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான நீரில், ஒயர் இணைக்கும் முனை நனையாமல், நுரை அடங்கும்வரை ஊறவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். கரைசலைக் கொதிக்க வைக்கக் கூடாது: சூட்டில் கால்சியம் சிட்ரேட் கரையாமல் மறுபடி வெள்ளையாகப் படியும். 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கணக்குப்படி 70 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும்; ஓடு தடிமனாக இருந்தால் கரைசலை மாற்ற வேண்டிவரும். பூட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரம். காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயிலும் நிமிடக்கணக்கில் போய்விடும்.

கேஸ் கீசர் இந்தத் தண்ணீருக்கு ஆகவே ஆகாது, செம்புக் குழல் அடைத்துக்கொள்ளும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரும் அப்படித்தான். சோலார் போடுவதாக இருந்தால், மெல்லிய செம்புக் குழல்களில் நேரடியாகத் தண்ணீர் ஓடும் தட்டை வகை வேண்டாம். கண்ணாடிக் குழல் வகையோ, வெப்பமாற்றி வைத்த மூடிய சுற்று வகையோ தாங்கும்.

துணிக்கு வருவோம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியத்தைக் கண்டால் அது நுரை தராத, கரையாத பிசுக்காக (திரியாக) மாறி, துணியிலும் பக்கெட் ஓரத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிராம் கடினத்துக்குச் சுமார் 6 கிராம் சோப்பு பலி. கடினம் 600 உள்ள 20 லிட்டர் வாளியில் 12 கிராம் கடினம் இருக்கிறது. அதாவது நுரை நிற்கத் தொடங்குவதற்கு முன்பே 70 கிராமுக்கு மேல் சோப்பு வீண். பழுப்பேறுவதும் துணி முரடாவதும் இந்தத் திரியும், சலவைத்தூளில் உள்ள சோடா கார்பனேட் உண்டாக்கும் சுண்ணாம்புத் தூளும் நூலிழையில் சேர்வதால்தான். இன்னும் ஒரு ஸ்பூன் தூள் போட்டால் சரியாகும் என்று போடப் போட, படிவுதான் கூடும்.

கையில் துவைப்பவர்கள் தண்ணீரை முதலில் மென்மையாக்கலாம்: மேற்சொன்ன வாளிக்குச் சலவை சோடா, நீரற்ற தூளாக இருந்தால் 13 கிராம், படிகமாக இருந்தால் 34 கிராம். கலக்கிக் கால்மணி நேரம் விட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் தெளிவை வேறு வாளிக்கு ஊற்றி, அதன்பிறகு சோப்பு. சோடாவையும் துணியையும் ஒன்றாகப் போட்டால் அந்தச் சுண்ணாம்பு துணியில்தான் உட்காரும். பட்டு, கம்பளிக்கு இது கூடாது. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால் அதைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளாமல் சோப்புக் கரைக்கும் முதல் வாளிக்குச் செலவழியுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மெஷினில் துவைத்தால் தூளைவிடத் திரவ டிடர்ஜென்ட் மேல், அதில் சோடா கிடையாது. மெஷினின் பின்பக்கம் தண்ணீர் நுழையும் இடத்தில் விரல் நுனி அளவு சல்லடை இருக்கும், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். தண்ணீர் மெதுவாக வருகிறது என்ற பிழைச் செய்தியில் பாதி அங்கேதான் தீரும். ஹீட்டர் உள்ள முன்திறப்பு மெஷின் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல், 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று. கையேட்டில் மறுப்பு இருந்தால் அவர்களே சொல்லும் தூள். நுழைவாயிலில் மாட்டும் கண்ணாடி மணி போன்ற பாஸ்பேட் ஃபில்டர் கடினத்தை நீக்குவதில்லை, கால்சியத்தைப் படியவிடாமல் பிடித்து மட்டும் வைக்கிறது. குளிர்ந்த நீர்த் துவைப்பில் உதவும், சூட்டில் அதன் வேலை குறையும், குடிநீர் வழியில் மாட்டக் கூடாது.

சமையலறையில் பருப்பு வேகாத புகார் நியாயமானது. கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களைப் பிணைக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. வேகவைக்கும் தண்ணீருக்கு இணையாக ஊறவைக்கும் தண்ணீரும் முக்கியம், எனவே கொண்டைக்கடலையை இரவே நல்ல தண்ணீரில் போடுங்கள். சோறு மஞ்சளிப்பது கொதியில் தண்ணீரின் காரம் ஏறுவதால். இட்லிப் பானையின் அடியில் புளிச் சக்கையைப் போடும் பழக்கம் ஓடு படிவதையும் அலுமினியம் கறுப்பதையும் ஒருசேரக் குறைக்கும் சரியான வேதியியல்.

குழாய், ஷவர், டைல்ஸ் கறைக்கு வினிகர் போதும். ஷவர் தலையை வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரு மணி விடுங்கள். வாசலில் பாட்டிலில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையை நிமிடத்தில் எடுக்கும், கூடவே குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்ட்டையும். கடப்பாக் கல்லும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் இனம், எந்த அமிலம் பட்டாலும், எலுமிச்சைச் சாறு பட்டாலும்கூட, பளபளப்பு போய்விடும். எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். மூடிய குளியலறையில் குளோரின் வாயு உயிருக்கு ஆபத்து.

முடி வேரோடு கொட்டுவதற்குக் கடினநீர்தான் காரணம் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. முடி முரடாவது, சிக்காவது, உடைவது நடக்கும். டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) அதிகமுள்ள சோப்பு நல்ல சோப்பு என்ற விளம்பரக் கணக்கு இந்தத் தண்ணீரில் எதிராக வேலை செய்யும், ஏனென்றால் சோப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு திரி. சீயக்காய்க்கும் பாசிப்பயற்று மாவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. செயற்கை நுரைப்பொருள் கொண்ட ஷாம்பு, பாடி வாஷ் ஆகியவையும் திரி கட்டாது. குழந்தைகளின் தோல் அரிப்புக்குச் சாஃப்ட்னர் தீர்வு என்பார்கள். பிரிட்டனில் 336 பிள்ளைகளை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே எக்ஸிமா (தோல் அழற்சி) உள்ளவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. சிறுநீரகக் கல்லுக்கும் கடினநீரைக் குற்றம் சொல்வது எளிது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல வரம்பே வைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது ஃபுளோரைடு 1.5-ஐயும் நைட்ரேட் 45-ஐயும் தாண்டினால். இரண்டும் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

இப்போது அந்தச் சாஃப்ட்னர். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். பிறகு லிட்டருக்கு 150 கிராம் உப்பைக் கொண்டு பத்து சதவீதக் கரைசலாக்கிக் கழுவ வேண்டும். நான்கு பேருக்கு நாளைக்கு 540 லிட்டர், கடினம் 600 என்றால் தினம் 324 கிராம். 25 லிட்டர் ரெசின் நான்கு நாள்கூடத் தாங்காது. ஒவ்வொரு கழுவலுக்கும் கிட்டத்தட்ட 4 கிலோ உப்பு, மாதத்துக்கு 30 கிலோ. அந்த உப்புநீர் எங்கே போகும் என்று விலை சொன்னவரிடம் கேளுங்கள். தென்னைக்குப் போனால் தென்னை போச்சு, மண்ணுக்குப் போனால் உங்கள் போருக்கே திரும்பும். 100 மி.கி. கடினத்தை நீக்கினால் 46 மி.கி. சோடியம் சேரும். 600-க்கு 276 ஆகிறது. குடிக்க, சமைக்க, செடிக்கு ஊற்ற ஆகாது. சாஃப்ட்னருக்குப் பிறகும் டி.டி.எஸ். குறையாது, சற்று ஏறக்கூட ஏறும். மீட்டரை வைத்து ஏமாந்ததாகச் சண்டை போடுபவர்கள் இதை அறிந்தால் நல்லது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடினத்தன்மைச் சொட்டுச் சோதனைப் பெட்டிதான் வேண்டும்: சிவப்பு நீலமாக மாற எத்தனை சொட்டு என்று எண்ணுவது. தண்ணீரில் இரும்பு இருந்தால் முன்னால் இரும்பு ஃபில்டர் இல்லாமல் ரெசின் கெட்டுவிடும். மண் கலந்த மட்டமான கல் உப்பும் அதைக் கெடுக்கும்.

குழாயின் மேல் கட்டும் காந்தம், மின்னணுப் பெட்டி ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் சொட்டுச் சோதனை செய்தால் ஒரே எண்தான் வரும். தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்புக் கசடு காட்டுபவரை அப்போதே வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு. உப்பு குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவே. குடிக்க ஆர்.ஓ. சரி, ஆனால் மாநகராட்சித் தண்ணீர் டி.டி.எஸ். 500-க்குள் வந்தால் அதுவும் தேவையில்லை.

செலவழிக்க வேண்டியது பிளம்பருக்கு. ஆத்தூர் காமராசர் அணையிலிருந்தும் காவிரித் திட்டத்திலிருந்தும் வரும் மாநகராட்சித் தண்ணீர் ஆற்றுநீர், போரைவிடப் பலமடங்கு மென்மை. கீசருக்கு 80, மெஷினுக்கு 60, சமையலுக்கு 30 என்று நாளைக்கு 170 லிட்டர். அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் 1,000 லிட்டர் தனித் தொட்டி ஐந்து நாளைக்கு மேல் வரும். அதிலிருந்து அரை அங்குல சி.பி.வி.சி. குழாயைச் சுவரின் வெளியே இறக்கி, கீசரின் நுழைவுக்கும் மெஷின் குழாய்க்கும் கொடுங்கள். வீட்டு உரிமையாளர் சுவரை உடைக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பிளம்பர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு: வெந்நீர் ஒரு தொட்டியிலிருந்தும் பச்சைத் தண்ணீர் இன்னொரு தொட்டியிலிருந்தும் வந்தால், மட்டம் உயர்ந்த தொட்டியின் நீர் மிக்ஸர் வழியாக மற்றதில் ஏறும். நல்ல தண்ணீர்த் தொட்டியே உப்பாகிவிடும். இரண்டு வழியிலும் ஒருவழி வால்வு போட வேண்டும். போட்டபின் கீசரில் விரியும் நீருக்கு வழி பாதுகாப்பு வால்வு மட்டுமே என்பதால் அது வேலை செய்வது கட்டாயம்.

மழைநீரும் இதே தொட்டிக்கு வரலாம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்குச் சுமார் 750 லிட்டர் கிடைக்கும், கடினம் ஏறக்குறைய சுழியம். முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்டு, வடிகட்டிச் சேர்த்தால் துணிக்கும் கீசருக்கும் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் மழைநீரும் ஆர்.ஓ. நீரும் போடாமல், கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரையே வாங்குங்கள். ஏர் கூலருக்குப் போர் தண்ணீரையே ஊற்றலாம். ஆவியாக ஆவியாக மிச்சத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால், மேலே மேலே நிரப்பாமல் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் கூலரின் பாய் (பேட்) ஒரு கோடைக்கு மேல் வரும்.